எண்ணெய் ஊத்தினது யாரு

கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க தம்பி. நாங்க ரெண்டு பேரு. அவ ஜன்னலோரம் உக்காரட்டும், நான் நடுவுல உக்காந்துக்கிறேன். பஞ்சவர்ணம், பையைக் கீழ வை. பையை. ஏய், பையைக் கீழ வைடி. திரும்புதா பாருங்க? சரி, விடுங்க. பின் சக்கரத்துக்கு மேல உள்ள சீட்டுத்தான் கெடைச்சிருக்கு, மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுரும். முப்பத்தோரு வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன் தம்பி நான். டிக்கெட் வாங்கிக்கிட்டு பஸ்ஸுல உக்காந்து எத்தனை வருசம் ஆச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

நீங்க படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க. ஒரு நியாயம் சொல்லுங்க. மெதுவா எல்லாம் பேச வேண்டியதில்ல, அவளுக்குத்தான் காது கேக்காதே. அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. கேக்குதா இல்லையான்னு பெரிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கத்தான் இப்பப் போறோம்.

அருப்புக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டுல வந்து சோலையப்பன்னு கேட்டீங்கன்னா ரெண்டு பேரு யோசிப்பாங்க. டாக்டர் வீடு எதுன்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. ஊசி போடுற டாக்டர் இல்ல, வண்டிக்கு டாக்டர். எவன் வண்டியில என்ன சத்தம் வந்தாலும் காலையில ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். பானட்டைத் தூக்குவேன். ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிக்கச் சொல்லுவேன். ஸ்குரூ டிரைவர் நுனியை இன்ஜின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேப்பேன். அப்புறம், "இருப்பா, ஒரு வாய் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்"னு உள்ள போவேன். திரும்பி வந்து என்ன கோளாறுன்னு சொல்லுவேன். நான் சொன்னா சொன்னதுதான். மெக்கானிக் ஷெட்டுல போயி, "டாக்டர் சொல்லிட்டாரு, இதை மட்டும் மாத்து"ன்னு சொல்லுவானுங்க.

டீ குடிக்க எதுக்கு உள்ள போறீங்கன்னு கேக்குறீங்களா? நல்லாத்தான் பிடிக்கிறீங்க. உள்ள அடுப்படியில இவ நிப்பா. இவ அப்பா ஜின்னிங் மில்லு லாரி ஷெட்டுல டீசல் மெக்கானிக். தாயில்லாப் புள்ள, ஷெட்டுலயே கெடந்து வளந்தவ. நான் டம்ளரை வாங்கும்போது ஏதாவது சொல்லுவா. "மூணாவது நாசில் சரியில்லைங்க"ம்பா. "டேப்பெட்டுங்க, ஒண்ணுதான், பின்னாடி உள்ளது"ம்பா. அவ சொன்னதை நான் அப்படியே வெளிய வந்து ஒப்பிச்சேன்னு நீங்க நெனைச்சிரக் கூடாது. அவ சொல்லுவா, முடிவு பண்றது நான். பீடியைப் பத்த வச்சு, இன்னொரு தரம் குனிஞ்சு பாத்துட்டுத்தான் சொல்லுவேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள என்னது உன்னதுன்னு உண்டா தம்பி?

இத்தனைக்கும் அவளுக்கு வலது காது கெடையாது. அஞ்சு வயசுல அம்மை போட்டப்ப போயிருச்சு. மிச்சம் இருந்த இடது காதை வச்சுக்கிட்டுத்தான் அம்புட்டும் சொன்னா. யாரும் இல்லாத நேரம் என் வண்டிகிட்ட வந்து, கண்ணை மூடி, உள்ளங்கையை பானட்டுல பதிச்சுக்கிட்டு நிப்பா. பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி. கேக்குறதுக்கு எதுக்குடி கையின்னு கேப்பேன். சிரிச்சுக்குவா. அப்ப சிரிப்பா.

இந்தப் பங்குனி மாசந்தான் வந்துச்சு வினை. காசிமாயன்னு எங்க ஸ்டாண்டுல ஒருத்தன். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக, ஆத்தா எல்லாரையும் ஏத்திக்கிட்டு கொடைக்கானல் கிளம்பினவன், வண்டி கீச்சுன்னு ஒரு சத்தம் குடுக்குதுன்னு வழியில என் வீட்டுல நிறுத்தினான். கூட ஸ்டாண்டு பயலுக மூணு பேரு வேற நின்னானுங்க. நான் பாத்தேன். ஃபேன் பெல்ட். யாரு கேட்டாலும் ஃபேன் பெல்ட்டுன்னுதான் சொல்லுவான். "கொஞ்சம் சோப்பைத் தேய்ச்சு விடுடா, கொடைக்கானல் என்ன, இமயமலைக்கே போகலாம்"னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. அன்னைக்குன்னு பாத்து நான் டீ குடிக்க உள்ள போகல. சின்ன விசயம், இதுக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்.

இவ தட்டுல டம்ளர்களை வச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தா. குடுத்துட்டு உள்ள போக வேண்டியதுதான? நின்னா. வண்டியையே பாத்தா. அப்புறம் சொன்னா தம்பி, எல்லாரு முன்னாடியும். "பெல்ட்டு இல்லண்ணே. தண்ணி பம்பு பேரிங். மலையேறாதீங்க, புள்ளைகளை வச்சுக்கிட்டு." என்னைப் பாக்கக்கூட இல்ல. அவனைப் பாத்துச் சொல்றா.

காசிமாயன் என்னைப் பாத்தான், அவளைப் பாத்தான். பய நேரா பைபாஸ்ல அப்பாஸ் பாய் ஷெட்டுக்குப் போயிட்டான். தண்ணி பம்புதான். பாய் ஃபேனைப் பிடிச்சு ஆட்டிக் காமிச்சாராம், பல்லு மாதிரி ஆடுச்சாம். இப்படியே மலையேறியிருந்தா ஃபேன் பிச்சுக்கிட்டு ரேடியேட்டருக்குள்ள போயிருக்கும்னாராம். சரி, போகட்டும். அஞ்சு உயிரு தப்பிச்சுது, எனக்கும் சந்தோசந்தான். ஆனா அவன் அதைச் சொன்ன எடம் எது? ஸ்டாண்டு. மத்தியானத்துக்குள்ள ஊரே சிரிச்சுது. "டாக்டர் இருக்காரா"ன்னு கேட்ட பயலுக, "பெரிய டாக்டர் உள்ள இருக்காங்களா"ன்னு கேட்டானுங்க. ஒருத்தன் கும்பிட்டு, "அண்ணே, இத்தனை வருசம் நீங்க கம்பவுண்டரா"ங்குறான். என் மூஞ்சியைக் கொண்டுபோயி நான் எங்க வைக்கிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒண்ணு வச்சேன். ஒண்ணே ஒண்ணு. நான் அடிக்கிற ஆளு இல்ல தம்பி, வேணும்னா எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. கன்னத்துலதான் வைக்கப் போனேன், அவ தலையைத் திருப்பினா, கை கொஞ்சம் மேல போயிருச்சு. அவ திருப்பாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

எந்தக் காதா? இது என்ன தம்பி கேள்வி. கோவத்துல அடிக்கும்போது வலமா இடமான்னு பாத்தா அடிப்பாங்க?

உக்காந்துட்டா. அழுகல. அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுச்சு. மறுநா பாத்தா தலையணையில ஈரம், காதுல இருந்து தண்ணியும் ரத்தமுமா. நான் சும்மா இருக்கல, அதையும் சொல்லணும்ல? நல்லெண்ணெய்யில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி நானே ஊத்தினேன். சூடா இருந்தாத்தான் பிடிக்கும்னு சூட்டோட ஊத்தினேன். துடிச்சா. "பொறுத்துக்கோடி, உன் நல்லதுக்குத்தான்"னு தலையைப் பிடிச்சுக்கிட்டேன். பதினஞ்சு நாள் ஊத்தியிருக்கேன் தம்பி, காலையும் சாயங்காலமும். எந்தப் புருசன் செய்வான்?

அதுக்கப்புறந்தான் இந்த நடிப்பு ஆரம்பிச்சுது. கூப்பிட்டா திரும்புறதில்ல. சோறு போடுன்னா சும்மா நிக்கிறா, என் வாயையே பாக்குறா. நான் சும்மா விடுவேனா? ஒருநா அவ அடுப்படியில நிக்கும்போது சத்தமில்லாமப் பின்னாடி போயி, நெறைகொடத்தைத் தொம்முன்னு கீழ போட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினா பாருங்க! கேக்காதவ எப்படித் திரும்பினா?

தரை அதிர்ந்திருக்குமா? நீங்களும் அந்த டாக்டர் பொம்பள மாதிரியே பேசுறீங்களே. வாரேன், அதுக்கும் வாரேன்.

சித்திரை பிறந்துச்சு, என் வண்டியில சத்தம் வந்துச்சு. டொக்கு, டொக்குன்னு அடியில இருந்து. மேடேறும்போது கூடுது, எறக்கத்துல குறையுது. நான் பாக்காத வண்டியா? நாசிலைக் கழட்டி சுத்தம் பண்ணினேன். டேப்பெட் வச்சேன். இன்ஜின் மவுண்டிங் ரப்பரை மாத்தினேன். சத்தம் போகல. இவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து பானட்டு முன்னாடி நிறுத்தி, "என்னன்னு கேளு"ன்னேன். காதைக் குடுத்துப் பாத்துட்டு, "எனக்குக் கேக்கலைங்க"ன்னா. கண்ணுல தண்ணி வேற. இருபத்தாறு வருசம் எறும்பு ஊர்றதைக் கேட்டவ, என் வண்டி மட்டும் அவளுக்குக் கேக்கலையாம். வஞ்சம் தம்பி. அத்தனையும் வஞ்சம்.

மெக்கானிக்கிட்ட போயிருக்கலாமேன்னுதான சொல்ல வாறீங்க? அப்பாஸ் பாய் தங்கமான கைக்காரரு, நான் இல்லைங்கல. ஆனா அங்க எந்நேரமும் ஸ்டாண்டு பயலுக நாலு பேரு உக்காந்திருப்பானுங்க. டாக்டரே வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து, "பாய், இது என்ன சத்தம்"னு கேட்டா எப்படி இருக்கும்? அதுவும் தண்ணி பம்புக் கதைக்கு அப்புறம்? செத்துரலாம். அதனால ஒரு வேலை பண்ணினேன். பழைய ஆயிலை எறக்கிட்டு, லாரிக்கு ஊத்துற கெட்டி ஆயில் வாங்கி ஊத்தினேன். சத்தம் அப்படியே அமுங்கிப்போச்சு. கெட்டி ஆயிலு இன்ஜினுக்குள்ள மெத்தை மாதிரி நின்னுக்கிரும். எனக்கா தெரியாது வைத்தியம்? மிச்சம் இருந்த கொஞ்சச் சத்தத்துக்குப் பாட்டைக் கூட்டி வச்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்துத் திருவிழாவுக்கு வந்தான் என் மச்சினன் அழகுமலை, இவ தம்பி. பேச்சுக் குடுத்துப் பாத்திருக்கான், இவ அவன் வாயையே பாத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊருக்குள்ள ஒரு காது டாக்டர் பொம்பள இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயிட்டான். நானும் பின்னாடியே ஓடினேன். அந்தம்மா லைட் அடிச்சுப் பாத்துச்சு. முதல் கேள்வி, "யாரு அடிச்சது?" நான், "கதவுல இடிச்சுக்கிட்டா"ன்னேன். ரெண்டாவது கேள்வி, "எண்ணெய் ஊத்தினது யாரு?" ஏதோ நான் விசத்தை ஊத்தின மாதிரி. சவ்வு கிழிஞ்சிருக்காம், கிழிஞ்ச சவ்வுல சுடு எண்ணெய் ஊத்தி உள்ள பூராம் புண்ணாப் போச்சாம். ஒரு வாரத்துக்குள்ள மதுரைக்குக் கொண்டு போங்க, கொஞ்சமாச்சும் மிச்சம் பிடிக்கலாம், விட்டீங்கன்னா மொத்தமும் போயிரும்னு சீட்டு எழுதிக் குடுத்துச்சு. கொடம் விழுந்ததுக்குத் திரும்பினாளேன்னு கேட்டேன். தரை அதிர்வு கால்ல தெரியும்னுச்சு. படிச்சுட்டா எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்காங்க.

நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லவே இல்ல தம்பி. அதைக் குறிச்சுக்கோங்க. புதன்கெழமை என் சொந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு. மச்சினனும் நம்பி ஊருக்குப் போயிட்டான். புதன்கெழமை காலையில வண்டியைத் தொடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, ஏறுன்னு கைகாட்டினேன். இவ சேலை மாத்திக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு வந்தா. வந்தவ ஏறல. முன்னாடி போயி பானட்டுல கையை வச்சா. கண்ணை மூடினா. அப்படியே கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் என்கிட்ட வந்து, "கிளம்பாதீங்க. அடியில பேரிங் போச்சு, ராடு அடிக்குது. பஸ்ஸுல போவோம்"னா.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? கெட்டி ஆயில் ஊத்தி, எனக்கே சரியாக் கேக்காத சத்தம். காதே கேக்காதுன்னு ஊரைக் கூட்டினவளுக்கு அது எப்படிடா தெரிஞ்சுது? அப்ப அத்தனையும் பொய்யா? "கேக்குதுல்ல? அப்புறம் எதுக்குடி உனக்கு மதுரை? எதுக்கு டாக்டர்?"னு கேட்டேன். அந்தச் சீட்டை அவ முன்னாடியே கிழிச்சுப் போட்டேன். உள்ள போயி வேலையைப் பாருன்னேன். அவ அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக்கிட்டு நின்னா. நான் தனியா வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். மதுரையில இருந்து ஒரு சவாரி இருந்துச்சு, அதையாவது பாப்போம்னு.

இந்தா, காரியாபட்டி தாண்டுறோம்ல, அந்தப் புளியமரம் தெரியுதா? ரோட்டோரத்துல கறுப்பாக் கெடக்கு பாருங்க, இன்னும் போகல. அதான் தம்பி எடம். படீர்னு ஒரு சத்தம். ராடு ஒடிஞ்சு இன்ஜின் கட்டையைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு. ஆயில் பூராம் ரோட்டுல. கை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது ராடு. நான் அந்த மரத்தடியில உக்காந்து அழுதேன். முப்பத்தோரு வருசத்துல எந்த வண்டியும் என்னை நடுரோட்டுல விட்டதில்ல.

கட்டி இழுத்துக்கிட்டு எங்க போறது? அப்பாஸ் பாய்கிட்டதான். நாலு பயலுக உக்காந்திருந்தானுங்க. பாய் அடியில படுத்துப் பாத்தாரு. ஆயிலை விரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பாத்தாரு. கேட்டாரு தம்பி, "எண்ணெய் ஊத்தினது யாரு?"ன்னு. அதே கேள்வி! சத்தத்தை அமுக்கிட்டீங்க, நோயை விட்டுட்டீங்கங்குறாரு. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா பேரிங்கை மட்டும் மாத்தியிருக்கலாம், இனி இந்த இன்ஜின் எடைக்குத்தான்னுட்டாரு. அந்தம்மாவும் ஒரு வாரம், இவரும் ஒரு வாரம். எனக்குன்னு வந்து வாய்க்கிறாங்க பாருங்க.

இப்ப என் வழக்கு இதுதான். அவளுக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா? தெரிஞ்சுச்சு. முதநாளே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா என் வண்டி பிழைச்சிருக்கும்ல? கேக்கலைங்கன்னு சொல்லி ஒரு மாசம் வேடிக்கை பாத்தா. கடைசியில என் மானத்தை வாங்குற மாதிரி கிளம்புற நேரத்துல வந்து கையை வைக்கிறா. இது துரோகம் இல்லையா?

அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சு. மச்சினன் போன்ல ஒரே ஆட்டம். அக்காவை டாக்டர்கிட்ட ஏன் கொண்டு போகல, மகளிர் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேன்னு மிரட்டுறான். எழுதுடா, நல்லா எழுது. அதுக்குத்தான் நான் இப்பக் கிளம்பியிருக்கேன். மதுரையில பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காரு, மிஷின் மாட்டி உள்ள போயே பாத்துச் சொல்லிருவாராம். அவர்கிட்ட, இவளுக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு எழுதி வாங்கி மச்சினன் மூஞ்சியில எறியப் போறேன். நமக்குத் தெரியாத விசயத்தைத் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்ல தம்பி? அதுல என்ன கௌரவம் பாக்குறது?

என்ன பஞ்சவர்ணம்? என்னடி? எதுக்கு இப்படிக் கத்துற, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. மெதுவாச் சொல்லு. என்னது?

கேட்டீங்களா தம்பி, கேட்டீங்களா! இந்தப் பக்கத்துப் பின் சக்கரம் ஆடுதாம். நட்டு விட்டுப்போச்சாம். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்றா. மாட்டிக்கிட்டா பாருங்க! இத்தனை சத்தத்துல, இத்தனை பேரு பேசுற எடத்துல, சக்கரத்து நட்டு ஆடுறது அவளுக்குக் கேக்குது. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது. நீங்கதான் சாட்சி. உங்க நம்பரைக் குடுங்க, டாக்டர்கிட்ட சொல்லணும்.

கையா? ஆமா, முன்னாடி கம்பியில கையை வச்சிருக்கா. செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தரையில அழுத்தி வச்சிருக்கா. அதனால என்ன? ஏன் தம்பி என்னை அப்படிப் பாக்குறீங்க? ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க எறக்கம் இன்னும் வரலையே.

டிரைவர்கிட்டயா போறீங்க? சரி, போங்க, சொல்லத்தான் வேணும், அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. எனக்குமே காரியாபட்டி தாண்டினதுல இருந்து ஒரு மாதிரியாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பேச்சுல விட்டுட்டேன். தம்பி, ஒரு நிமிசம், இங்க பாருங்க. டிரைவர்கிட்ட இவ பேரைச் சொல்லாதீங்க. பொம்பள சொன்னான்னா எவன் வண்டியை நிறுத்துவான்? அருப்புக்கோட்டை ஸ்டாண்டு டாக்டர் உள்ள இருக்காரு, அவருதான் கேட்டுச் சொன்னாருன்னு சொல்லுங்க.